இருப்பும் வரத்தும்: வாலிகண்டபுரத்துப் பிள்ளைகள் எழுத வேண்டிய கணக்கு

நீரும் மண்ணும் கல்லும் ஒருங்கே வாய்த்த பெரம்பலூர், அரியலூர்ப் பிரதேசத்தில் பிறந்த இளைஞர்களுக்கு, நிலைத்த வாழ்வு என்னும் பெரும்பாடத்தை எங்கே தொடங்கி, எப்படிக் கற்பிப்பது?

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பெரம்பலூரை அடைவதற்குச் சிறிது தூரம் முன்னால், வாகனங்கள் வேகம் குறையாமல் கடந்து செல்லும் ஊர்களுள் ஒன்று வாலிகண்டபுரம். கிஷ்கிந்தையின் வேந்தனாகிய வாலி சிவபெருமானைப் பூசித்த தலம் என்று ஐதிகம் கூறும் வாலீசுவரர் கோயிலும், சோழர் காலத்துக் கல்வெட்டுகளும், அருணகிரிநாதரின் திருப்புகழில் இடம்பெற்ற பெருமையும் இவ்வூருக்கு உண்டு. கர்நாடக நவாபின் பட்டத்துக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அணி பிரிந்து நின்ற 1751-ஆம் ஆண்டில், அருகிலுள்ள ரஞ்சன்குடிக் கோட்டைப் பக்கத்தில் நடந்த போரை, ஆங்கிலேயர் எழுதிய சரித்திர நூல்கள் ‘வால்கொண்டா’ என்று இவ்வூரின் திரிந்த பெயராலேயே குறிக்கின்றன.

இத்தனை பழைமை வாய்ந்த ஊரின் தெருக்களிலிருந்து நாள்தோறும் காலையில் புத்தகப் பையைச் சுமந்து புறப்படும் பிள்ளைகளின் வருங்காலமே இக்கட்டுரையின் விஷயம். மேற்கே பச்சைமலைத் தொடர். சுற்றிலும் சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மானாவாரி நிலங்களும் கிணற்றுப் பாசன நிலங்களும். கிழக்கே அரியலூர்ப் பக்கம் சென்றால் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும். அதற்கும் தெற்கே, கடல் கடந்தும் மலை கடந்தும் பறவைகள் வந்து தங்கும் கரைவெட்டி ஏரி. நிலைத்த வளர்ச்சி என்று உலக மகாநாடுகளில் ஆராயப்படும் விஷயத்தின் முக்கியமான அத்தியாயங்கள் எல்லாம் இந்த இரண்டு மாவட்டங்களுக்குள்ளேயே பிரத்தியட்சமாக விரிந்து கிடக்கின்றன. அவற்றைப் படிக்கும் வித்தையை நாம் நம் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோமா?

பாடம் உண்டு, படிப்பு எங்கே?

சட்டத்தின் பக்கத்தில் குறை சொல்வதற்கு அதிகம் இல்லை. எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் தொடுத்த பொதுநல வழக்கில், சுற்றுச்சூழல் கல்வி பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கட்டாயப் பாடமாக வேண்டும் என்று 1991-ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு ஏட்டளவில் நின்றுவிடக்கூடாது என்று 2003-ஆம் ஆண்டில் மறுபடியும் வற்புறுத்தியது. பள்ளிகளில் தேசிய பசுமைப் படை தோன்றியது. இளங்கலை பயிலும் மாணவர் அனைவர்க்கும் சுற்றுச்சூழல் பற்றிய தாள் ஒன்று வந்து சேர்ந்தது. ஐக்கிய நாடுகள் சபை 2005 முதல் 2014 வரையிலான பத்தாண்டுகளை நிலைத்த வளர்ச்சிக்கான கல்வியின் தசாப்தமாகப் பிரகடனம் செய்து, யுனெஸ்கோவிடம் அதன் பொறுப்பை ஒப்படைத்தது. 2015-இல் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளுள் கல்விக்குரிய நான்காம் இலக்கின் ஏழாவது உட்பிரிவு, 2030-க்குள் கற்போர் அனைவரும் நிலைத்த வாழ்வுக்கு வேண்டிய அறிவையும் திறமையையும் பெற்றாக வேண்டும் என்று விதிக்கிறது.

இவ்வளவும் இருந்தும் நம் வகுப்பறைகளில் நடப்பது என்ன? நார்வே நாட்டின் புருண்ட்லாண்டு அம்மையார் தலைமையிலான ஆணைக்குழு 1987-ஆம் ஆண்டில் வகுத்துத் தந்த இலக்கணத்தை, அதாவது இன்றைய தலைமுறை தன் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும்போது, இனி வரும் சந்ததியார் தம் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் ஆற்றலுக்குப் பங்கம் விளைவிக்கலாகாது என்பதை, மாணாக்கன் மனப்பாடம் செய்து, பரீட்சைத் தாளில் பிழையின்றி எழுதி, மதிப்பெண்ணைப் பெற்றுக்கொண்டு, வீட்டுக்குத் திரும்புகிறான். அவன் நடந்து செல்லும் வழியில் இருக்கும் ஏரியின் வரத்து வாய்க்கால் ஏன் தூர்ந்துபோயிற்று என்று கேட்கும் எண்ணம் அவனுக்கு உண்டாவதில்லை. ஜூன் 5-ஆம் தேதி உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று பள்ளி வளாகத்தில் மரக்கன்று நடுகிறோம்; ஆனால் வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் இந்த மண்ணில், ஜூன் மாத வெயிலில் நட்ட கன்றுக்கு ஐப்பசி வரையில் எந்தக் கிணற்றிலிருந்து, யார், எத்தனை குடம் நீர் ஊற்றுவது என்பதை விழாவின் நிகழ்ச்சி நிரலில் யாரும் எழுதுவதில்லை. கன்றை நடுவது நல்ல காரியமே; எனினும் பருவத்தை அறிந்து நடுவதற்குக் கற்பிப்பதுதான் கல்வி.

தஞ்சாவூர் தந்த கணக்காய்வாளர்

இந்தக் குறையை நீக்கும் வழியை வெளிநாட்டில் தேட வேண்டுவதில்லை. தஞ்சாவூரில் 1892-ஆம் ஆண்டில் பிறந்து, லண்டனில் கணக்காய்வுத் தொழிலைப் பயின்று, பம்பாயில் அத்தொழிலை நடத்தி, பின் அமெரிக்காவுக்குச் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி பற்றி ஆராய்ந்து திரும்பிய ஜோசப் செல்லதுரை குமரப்பா என்னும் தமிழர் அவ்வழியை முன்னரே காட்டிவிட்டார். 1929-ஆம் ஆண்டில் காந்தியடிகள் அவரைச் சந்தித்தபோது அவருக்குக் கொடுத்த முதல் வேலை, குஜராத்தின் கேடா மாவட்டத்தைச் சேர்ந்த மாதர் தாலுகாவின் கிராமங்களில் மக்களின் பொருளாதார நிலையை ஆராய்வது. அந்த ஆராய்ச்சியை அவர் தனியாகச் செய்யவில்லை. குஜராத் வித்தியாபீடத்தின் மாணவர்களைத் துணையாகக் கொண்டு செய்தார். குடியானவர்களின் நிலம் எவ்வளவு, மாடு எத்தனை, விளைச்சல் என்ன, கடன் எவ்வளவு, வரி எவ்வளவு என்று அந்த இளைஞர்கள் நேரில் விசாரித்து எழுதினார்கள். புத்தகத்தில் ‘கிராமிய வறுமை’ என்னும் தலைப்பின்கீழ் படித்திருக்கக்கூடிய விஷயம், அவர்கள் கையாலேயே எழுதிய எண்களாக அவர்கள் முன்னால் நின்றது. 1931-இல் அந்த ஆராய்ச்சி நூலாக வெளிவந்தது.

பிற்காலத்தில் சிறையில் இருந்தபோது குமரப்பா எழுதி, 1945-இல் வெளிவந்த ‘நிலைத்த பொருளாதாரம்’ என்னும் நூலில் ஒரு முக்கியமான பாகுபாடு உண்டு. இயற்கையின் செல்வங்களில் சில, நிலக்கரியும் பெட்ரோலியமும் இரும்பும்போல, ஒரு முறை எடுத்தால் திரும்ப நிரம்பாதவை. அவை வெறும் இருப்பு. வேறு சில, மழையும் ஆற்று நீரும் மரமும் பயிரும்போல, முறையாகப் பயன்படுத்தினால் ஆண்டுதோறும் வந்துகொண்டே இருப்பவை. அவை வரத்து. வரத்தை நம்பி வாழும் சமுதாயம் அமைதியாக நீடிக்கும்; இருப்பைக் கரைத்து வாழும் சமுதாயம், அந்த இருப்புக்காகவே ஒன்றோடொன்று போரிட நேரும் என்பது அவருடைய சித்தாந்தம். ஸ்டாக்ஹோமில் உலக நாடுகள் சுற்றுச்சூழலைப் பற்றி முதன்முதலாகக் கூடி விவாதித்த 1972-ஆம் ஆண்டுக்கு 27 ஆண்டுகள் முன்னரே ஒரு தமிழர் இதைச் சொல்லியிருக்கிறார். ‘சிறியதே அழகு’ என்னும் கருத்தால் 1973-இல் உலகப் புகழ் பெற்ற ஷூமாக்கர் என்னும் பொருளியல் அறிஞர் தம் நூலில் குமரப்பாவை எடுத்தாண்டிருக்கிறார். மதுரைச் சீமையில் டி. கல்லுப்பட்டியில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்து, 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில் மறைந்த அப்பெரியாரின் பெயரை, அவர் பிறந்த தஞ்சாவூருக்கு அண்டையில் வாழும் நம் பிள்ளைகள் பலர் கேட்டதும் இல்லை.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும். கைத்தொழிலை நடுவில் வைத்துக் கல்வியை அமைக்க வேண்டும் என்று 1937-ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாடு தீர்மானித்தது. ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு அதற்குப் பாடத்திட்டமும் வகுத்தது. ஆனால் 1953-ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் கழிக்கலாம் என்று ஆனபோது, அது குலத்தொழிலையே பிள்ளைகளின் தலையில் கட்டிவிடும் என்று தந்தை பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் தீவிரமாக எதிர்த்தனர். மறு ஆண்டில் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. ஆகவே, நிலத்தைப் பற்றிப் படி என்று கிராமத்துப் பிள்ளையிடம் சொல்லும்போது, நிலத்தோடு கிட என்று சொல்கிறோமோ என்னும் சந்தேகம் தமிழ்நாட்டில் எழுவது இயல்பு. அது நியாயமும் ஆகும். குமரப்பா மாணவர்களைக் கலப்பை பிடிக்க அனுப்பவில்லை. கணக்கெழுத அனுப்பினார் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். வாலிகண்டபுரத்துப் பிள்ளை மருத்துவராகட்டும், பொறியாளராகட்டும், ஆட்சியராகட்டும். தன் ஊரின் இருப்பையும் வரத்தையும் கணக்கிடத் தெரிந்தவராக ஆகட்டும் என்பதே நாம் கேட்பது. சென்னையில் அடுக்கு வீட்டில் வளரும் பிள்ளைக்கும் இதே பாடம் வேண்டும். ஏனெனில் அவன் வீட்டுச் சாம்பாரில் மிதக்கும் சின்ன வெங்காயமும், அவன் வீட்டுச் சுவரைத் தாங்கும் சிமெண்டும் இந்தப் பிரதேசத்திலிருந்து சென்றவையாகவே இருக்கலாம்.

வானம் தரும் வரவு

கணக்கின் முதல் பக்கம் நீருக்கு உரியது. பெரம்பலூர் மாவட்டத்தில் வற்றாத பேராறு இல்லை. பச்சைமலையிலிருந்து இறங்கும் ஓடைகளும், மழைக் காலத்தில் மட்டும் நீர் காணும் சிற்றாறுகளும், பொதுப்பணித் துறையின் பொறுப்பில் விடப்பட்ட 73 ஏரிகளும், அவற்றினும் சிறிய எண்ணற்ற குளங்களும், கிணறுகளுமே இதன் ஜீவாதாரம். வரத்து வாய்க்கால், கரை, மதகு, கலிங்கு என்னும் நான்கு உறுப்புகளையும் ஒரு பிள்ளை ஏரிக்கரையில் நடந்தே பார்த்துவிடலாம். எந்த உறுப்பு பழுதானால் எந்தத் தீங்கு நேரும் என்பதையும் ஒரே நாளில் தெரிந்துகொள்ளலாம். வாய்க்கால் தூர்ந்தால் மழை பெய்தும் ஏரி நிரம்பாது. கலிங்கு அடைபட்டால் நிரம்பிய நீரே கரையை உடைக்கும். மதகு பழுதானால் மேல்மடைக்காரர் நிலம் நனைந்து கடைமடைக்காரர் நிலம் காயும். பௌதிகமும் பூகோளமும் சமூக நீதியும் ஒரே கரையில் கிடைக்கும் இத்தகைய பாடசாலையை எந்தக் கட்டிடத்துக்குள்ளும் நிர்மாணிக்க முடியாது.

மழையை அளப்பது மிக எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லிட்டர் நீர். இந்த ஒரு சூத்திரம் போதும். 200 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு பள்ளிக் கூரையின்மேல் ஐப்பசியில் ஒரே இரவில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், 10,000 லிட்டர் நீர் வந்து இறங்கியிருக்கிறது. அது தொட்டிக்குச் சென்றதா, கிணற்றுக்குச் சென்றதா, அல்லது வாயிலைத் தாண்டிச் சாக்கடைக்குச் சென்றதா என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையே கண்டுபிடித்துவிடலாம். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டு அரசு 2003-ஆம் ஆண்டில் கட்டாயமாக்கியது. அன்று அமைத்த குழாய்களும் குழிகளும் இன்று வேலை செய்கின்றனவா என்று தெருத்தெருவாகப் பார்த்து எழுதும் மாணாக்கர் கூட்டம் ஒன்று ஒவ்வோர் ஊரிலும் இருந்தால், அந்தச் சட்டத்துக்கு மறுபடியும் உயிர் வரும்.

கிணற்றின் கணக்கு இன்னும் ஆழமானது. இம்மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப் பாறையின்மேல் அமைந்தது. பாறையின் மேற்புறத்தில் சிதைந்த அடுக்கிலும் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். திறந்த கிணற்றில் கமலை கட்டி இறைத்த காலத்தில், அந்த ஆண்டின் மழை கொடுத்ததையே அந்த ஆண்டில் உழவர் செலவிட்டார்; மாடுகளின் வலிமைதான் எல்லை வகுத்தது. ‘போர்’ என்று நாம் வழங்கும் ஆழ்துளைக் கிணறு நூற்றுக்கணக்கான அடிக்குக் கீழே சென்றபோது, நெடுங்காலமாகப் பாறையிடுக்கில் சேர்ந்திருந்த நீர் மேலே வந்தது. குமரப்பாவின் பாஷையில் சொன்னால், வரத்தாக இருந்த நீரை நாம் இருப்பாக மாற்றிவிட்டோம்; வரத்துச் சுருங்கிய பிறகு அந்த இருப்பைத் தோண்டி உண்ணுகிறோம். ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கட்டிய கல்லைக் கிணற்றில் இறக்கி, மாதம் ஒருமுறை நீர்மட்டத்தை அளந்து, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சுவரில் வரைந்துவரும் பள்ளி, இந்த உண்மையை எந்தச் சொற்பொழிவும் இல்லாமல் ஊருக்கு உணர்த்திவிடும்.

கணக்குக் காட்டும் மரபு நமக்குப் புதிதும் அன்று. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்னும் குழுவைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுவதோடு, முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி தேர்வுக்குத் தகுதியற்றவர் என்றும் விதிக்கின்றன. அரியலூர் மாவட்டத்தில், கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகே ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் என்னும் பேரேரி, தன் வெற்றிக்கு நீரையே நினைவுச் சின்னமாக ஆக்கிய அரசனின் மனப்பான்மைக்குச் சாட்சியாக இன்றும் இருக்கிறது. பேரரசன் வெட்டிய ஏரிக்கும் வாரியம் கணக்குக் காட்டாவிட்டால் ஆயுள் இல்லை என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

பட்டறையின் பாடம்

இரண்டாம் பக்கம் மண்ணுக்கு உரியது. தமிழ்நாட்டில் சின்ன வெங்காயம் என்றதும் நினைவுக்கு வரும் மாவட்டங்களுள் முதன்மையானது பெரம்பலூர். செட்டிகுளம் முதலிய ஊர்ப் பக்கங்களில் அறுவடைக்குப் பின் வயலோரத்தில் நிற்கும் வெங்காயப் பட்டறைகளைப் பார்த்தவர் அவற்றின் அமைப்பை மறக்க மாட்டார். தரையின் ஈரம் ஏறாதபடி கல்லும் குச்சியும் பரப்பித் தளம் எழுப்பி, இருபுறமும் மூங்கிலும் கம்பும் நட்டுத் தட்டி கட்டி, நீண்டு குறுகலாக, காற்று ஊடுருவிச் செல்லும்படி வெங்காயத்தைக் குவித்து, மேலே மழை இறங்காதபடி கீற்றோ தட்டையோ வேய்ந்து விடுகிறார்கள். மின்சாரம் இல்லை, குளிரூட்டும் இயந்திரம் இல்லை, எனினும் வெங்காயம் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. அகலம் அதிகமானால் நடுவில் புழுக்கம் ஏற்பட்டு அழுகும். அதனால்தான் குறுகலாகக் கட்டுகிறார்கள். காற்றோட்டம், ஈரப்பதம், வெப்பம் என்று பௌதிக நூல் மூன்று அத்தியாயங்களில் விளக்குவதை அனுபவம் மிக்க ஒரு குடியானவர் தம் கையால் கட்டி நிறுத்துகிறார். விலை வீழ்ந்த காலத்தில் பொறுத்திருந்து விற்கவும், அடுத்த பட்டத்துக்கு விதை வெங்காயம் வைத்துக்கொள்ளவும் இதுவே அவருக்கு ஆதாரம்.

ஆனால் பட்டறையைப் புகழ்ந்து பாடிவிட்டு நிற்பது கல்வி ஆகாது. அதே வெங்காயத்தைத் திருகல் நோய் தாக்கும்போது, என்ன மருந்தை எவ்வளவு அடிப்பது என்று உழவர் கேட்பது பெரும்பாலும் மருந்துக் கடையில்தான். 2018-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குள் புகுந்த படைப்புழு, அவ்வாண்டே பெரம்பலூரின் மக்காச்சோள வயல்களைச் சூறையாடியது. அதற்கு முந்தைய ஆண்டான 2017-இல், மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த தொழிலாளர்கள் விஷக் காற்றைச் சுவாசித்து இறந்த செய்தி நாட்டை உலுக்கியபோது, பெரம்பலூர்ப் பருத்தி வயல்களிலும் அதே விதமாக உயிர்கள் போயின. இறந்தவர்கள் வீட்டில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை ஒருவர் இருந்து, மருந்துப் புட்டியின்மேல் ஒட்டியுள்ள முக்கோணத்தின் நிறம் எதைக் குறிக்கிறது, காற்று வீசும் திசைக்கு எதிராக நின்று ஏன் தெளிக்கக்கூடாது, மூக்கையும் கையையும் ஏன் மூடிக்கொள்ள வேண்டும் என்று தந்தைக்கு எடுத்துச் சொல்லும் அளவுக்கு நம் ரசாயனப் பாடம் அமைந்திருந்தால் அந்த உயிர்களில் சில மிஞ்சியிருக்கலாம். சிவப்பு முக்கோணம் கடும் விஷத்தின் அடையாளம். அதை அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று தீவிரம் குறையும். இதைக் கற்பிக்க ஒரு வகுப்பு நேரம் போதும். வேப்பந்தட்டையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வாலிகண்டபுரத்துப் பள்ளியிலிருந்து அங்கே மாணாக்கரை அழைத்துச் செல்வதற்குப் பெரும் பிரயாணம் ஒன்றும் தேவையில்லை.

நூற்றுக்கு நாற்பத்து நான்கு

மூன்றாம் பக்கம் கல்லுக்கு உரியது. இதுவே மிகக் கடினமான பக்கம். ஆலத்தூர் வட்டத்துச் சாத்தனூரில், ஏறத்தாழ 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாக மாறிக் கிடக்கும் அடிமரம் ஒன்று இருக்கிறது. 12 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரம் என்று புவியியலார் கணித்த அதை, 1940-ஆம் ஆண்டில் முதன்முதலாக உலகுக்கு அறிவித்தவர், பிற்காலத்தில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு முதல் இந்தியத் தலைவரான எம். எஸ். கிருஷ்ணன். அந்தக் காலத்தில் இப்பிரதேசம் கடலோரமாக இருந்தது. கடல் பல முறை ஏறியும் இறங்கியும், சிப்பியும் சங்கும் சுருள் சுருளான கடற்பிராணிகளின் ஓடுகளும் அடுக்கடுக்காகப் படிந்தும் உண்டானதே அரியலூரின் சுண்ணாம்புக்கல். காரைப் பக்கத்துச் செம்மண் ஓடைகளில் மழைக்குப் பின் அந்த ஓடுகள் தாமாகவே தலைகாட்டும். அரியலூரை அடுத்த வாரணவாசியில் அவற்றுக்கென்றே அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. உலகெங்கிலுமிருந்து விஞ்ஞானிகள் தேடி வரும் இடத்துக்கு, பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒரு முறையாவது செல்வதற்குப் பேருந்து வசதி செய்துதருவது அரசுக்குப் பெரும் செலவு அன்று.

கோடிக்கணக்கான ஆண்டுகளில் சேர்ந்த அந்த இருப்பைத்தான் சிமெண்டு ஆலைகள் வெட்டி எடுக்கின்றன. பத்தாம் வகுப்பு ரசாயனம் படித்த பிள்ளை ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சூளையில் சுட்டால், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். மீதி 44 கிலோ கரியமில வாயுவாக ஆகாயத்தில் கலக்கும். சூளையை எரிக்கும் நிலக்கரியின் புகை இந்தக் கணக்கில் சேராது. கல்லுக்குள்ளிருந்தே வெளிப்படுவது மட்டும் இவ்வளவு. உலகம் முழுவதும் வெளியாகும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கு சிமெண்டுத் தொழிலைச் சார்ந்தது என்பதன் காரணம் இதில் விளங்கும். ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் கடற்பிராணிகள் தம் ஓட்டில் பூட்டி வைத்த வாயுவை நாம் ஒரு பகல் நேரத்தில் அவிழ்த்து விடுகிறோம்.

இதைச் சொல்வதால் சிமெண்டு வேண்டாம் என்று சொல்வதாக யாரும் கருதலாகாது. இந்த ஆலைகளின் கூலியால் எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகள் கல்லூரிக்குச் சென்றிருக்கிறார்கள். வாலிகண்டபுரத்தில் இன்னும் ஓட்டு வீட்டில் வாழ்பவர்க்குக் காங்கிரீட்டு வீடு கட்டிக்கொள்ளும் உரிமை, சென்னையில் வாழ்பவர்க்கு எவ்வளவு உண்டோ அவ்வளவு உண்டு. ஏழைப் பிள்ளையிடம் ஆசையைக் குறைத்துக்கொள் என்று உபதேசம் செய்வது நிலைத்த வளர்ச்சி ஆகாது. நாம் கற்பிக்க வேண்டியது கேள்விகள்: அனல் மின் நிலையச் சாம்பலைக் கலந்து செய்யும் சிமெண்டில் சுட்ட சுண்ணாம்பு எவ்வளவு மிச்சமாகும்? வெட்டி முடித்த சுரங்கத்தை எப்படி மூடுவது என்று முன்கூட்டியே திட்டம் இருக்க வேண்டும் என்பது விதியாயிற்றே, நம் ஊர்ச் சுரங்கத்தின் திட்டம் என்ன சொல்கிறது? கனிமச் சட்டத்துக்கு 2015-இல் செய்த திருத்தத்தின்படி, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களின் நலனுக்காகவே ஒவ்வொரு மாவட்டத்திலும் கனிம அறக்கட்டளை அமைந்து, குத்தகைதாரர் அதற்குப் பணம் செலுத்த வேண்டுமே, அந்தப் பணம் எந்த ஊரின் குடிநீருக்கும் பள்ளிக்கும் சென்றது? இருப்பு கரையும் காலத்தில் அதன் விலையைக் கொண்டு வரத்துச் செல்வத்தைப் பெருக்கிக்கொள்ளும் ஊர் பிழைக்கும். அவ்வாறு செய்யாத ஊருக்குக் குழி மட்டும் மிஞ்சும்.

வரத்தைப் பேணினால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கரைவெட்டி ஓர் எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 450 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரி, மேட்டூர் நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வந்து சேர்வதால் நிறைகிறது. அதன் நீரால் சுற்றிலும் நெல் விளைகிறது. இமயத்தைக் கடந்து பறந்து வரும் வரித்தலை வாத்துகளும் அங்கேயே தங்குகின்றன. 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்னும் ராம்சார் அங்கீகாரம் அதற்குக் கிடைத்தது. உழவும் பறவையும் ஒரே நீரைப் பகிர்ந்துகொள்ள முடியும் என்பதைப் பறவைகளின் பெயரைக் கற்கும் பிள்ளை, கண்ணால் கண்டு தெளிவான்.

கிராம சபையில் ஒரு வாசிப்பு

ஆகவே நாம் முன்வைக்கும் யோசனை எளியது. இவ்விரு மாவட்டங்களிலும் ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியும் தன் ஊருக்கு ஒரு கணக்குப் புத்தகம் தொடங்கட்டும். மழையளவு, ஏரியின் மட்டம், ஐந்து கிணறுகளின் ஆழம், எந்த வயலில் எந்தப் பயிர், எத்தனை முறை மருந்து, என்ன விலை, ஊரில் எத்தனை புதிய ‘போர்’ என்று ஒவ்வொரு வகுப்பும் ஒரு பகுதியை எழுதட்டும். அறிவியல் ஆசிரியர் அளக்கக் கற்பிக்கட்டும். கணித ஆசிரியர் வரைபடம் போடட்டும். தமிழாசிரியர் அதைத் தெளிந்த நடையில் எழுதப் பழக்கட்டும். தேர்வில் வெறும் வரையறைக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதியை இந்தப் புத்தகத்துக்குக் கொடுத்தால், பெற்றோரும் இதை வீண் வேலை என்று சொல்ல மாட்டார்கள். பெண்பிள்ளைகளைக் கிணற்றடிக்கும் வயலுக்கும் அனுப்பத் தயங்கும் குடும்பங்கள் உண்டாதலால், ஆசிரியை ஒருவர் உடன்செல்லும் ஏற்பாடும் அவசியம். குடத்தைச் சுமப்பவர்களே நீர்க் கணக்கை நன்றாக எழுதக்கூடியவர்கள்.

எழுதிய கணக்கு அலமாரியில் உறங்கினால் மாதர் தாலுகாவின் ஆராய்ச்சியிலிருந்து நாம் ஒன்றும் கற்கவில்லை என்றாகும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்த கிராம சபை இப்போது ஆறு முறை கூடுகிறது. புதிதாகச் சேர்ந்த நாட்களுள் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். அன்று வாலிகண்டபுரத்துக் கிராம சபையில், ஊராட்சித் தலைவர் வரவு செலவைப் படித்து முடித்ததும், பள்ளிப் பிள்ளைகள் இருவர் எழுந்து, அவ்வாண்டின் நீர்க் கணக்கைப் படிக்கட்டும்: எவ்வளவு மழை பெய்தது, ஏரி எவ்வளவு தேக்கிற்று, கிணறுகள் எத்தனை முழம் இறங்கின, எந்த வாய்க்காலில் எந்த இடத்தில் அடைப்பு. அதைக் கேட்ட பெரியவர்கள் பதில் சொல்லட்டும்; அடுத்த ஆண்டு அதே பிள்ளைகள், சொன்னது நடந்ததா என்று கேட்கட்டும்.

உத்திரமேரூரில் கணக்குக் காட்டாதவரை விலக்கிய அந்தச் சபையாருக்கும், நம் கிராம சபையாருக்கும் இடையில் ஆயிரத்து நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆயினும் பொதுச் செல்வத்தைக் கையாள்பவர் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் தர்மம் மாறவில்லை. நீரும் மண்ணும் கல்லும், இன்னும் வாக்குரிமை பெறாத பிள்ளைகளுக்கும் இனிமேல் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் உரிய பொதுச் செல்வம். அவற்றை இன்று கையாள்பவர்கள் நாம். அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமையையும் கேட்கும் திறமையையும் இளைஞர்களுக்கு நம் கையாலேயே கொடுப்பதுதான், நிலைத்த வாழ்வைக் கற்பிப்பதன் முதற்படி. அதற்கு நிதி ஒதுக்கீடு வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், ஒரு முழக்கோலும், மழையில் நனைய அஞ்சாத ஓர் ஆசிரியரும் இருந்தால், வரும் ஐப்பசியிலேயே வாலிகண்டபுரத்தில் தொடங்கிவிடலாம்.